சாக மறுத்த கொசு

அந்தா, முன் சீட்டுல பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, பிள்ளைங்களோட சேர்ந்து கைதட்டிப் பாடிக்கிட்டு வர்றாங்களே ஒரு அம்மா, அவங்கதான் தம்பி கொசு. என் சம்சாரம்.

ஏன் இப்படித் தள்ளி உட்கார்றீங்க? கடிக்க மாட்டாங்க. நாடகத்துல கொசு. அந்தக் கூட்டம் மொத்தமும் எங்க ஊர் நாடகக் குழு. இன்னைக்குச் சாயங்காலம் தஞ்சாவூர்ல ஒரு பள்ளிக்கூடத்துல நாடகம். பட்டுக்கோட்டையில பஸ் ஏறினதிலேருந்து இதே பாட்டும் கூத்தும்தான். நீங்க ஒரு தூக்கம் போடலாம்னு ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தீங்க, பாவம். இனி தூக்கம் ஏது? நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டு வாங்க.

என் பேரு கலியபெருமாள். சானிட்டரி இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டையர் ஆனவன். கொசுவை ஒழிக்கிறதுதான் என் உத்தியோகம். இந்த நாடகக் கதை இருக்கே, கவனிங்க, அதை எழுதினதே நான்தான். அந்தக் கொசுவைப் படைச்சவனே நான். ஆனா இப்ப ஊருக்குள்ள எனக்கு என்ன பேரு தெரியுமா? 'கொசுவோட வீட்டுக்காரர்.' மார்க்கெட்டுல கத்திரிக்காய் வாங்கப் போனா, 'கொசு அக்கா நல்லா இருக்காங்களா?'ன்னு கேட்கிறான். என்னை நல்லா இருக்கியான்னு ஒருத்தன் கேட்கலை. விளங்குதா?

ரிட்டையர் ஆனதும் மத்தவங்க மாதிரி வாசல்ல பேப்பரும் கையுமா உட்காரக் கூடாதுன்னு பிள்ளைங்களுக்கு ஒரு புத்தகம் எழுதினேன். 'கொசு மகாராஜாவின் வீழ்ச்சி.' எழுதுறதைத் தினமும் சாயங்காலம் தையல்நாயகிக்குப் படிச்சுக் காட்டுவேன். தையல்நாயகிதான் சம்சாரம். அவ கீரை ஆய்ஞ்சுக்கிட்டே 'உம்'முன்னு கேட்பா. வேற ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளுக்கு அவ்வளவா பேச வராது தம்பி. எங்க வீட்டுல பேச்சு என் டிபார்ட்மென்ட்.

கதை என்னன்னா, ஒரு ஊர்ல கொசு மகாராஜா அட்டூழியம் பண்றான். சுத்தானந்தர்னு ஒரு சுகாதார வீரர் வர்றார். தண்ணி தேங்குறதால வர்ற கேடுகளைப் பத்தி ஊருக்கு எடுத்துச் சொல்றார். அது கொஞ்சம் விரிவா இருக்கும், புத்தகத்துல பாதி அதுதான். அப்புறம் புகை மருந்து அடிக்கிறார். கொசு விழுந்து, மன்னிப்புக் கேட்டு, செத்துப்போகுது. அந்த மன்னிப்பு ரொம்ப முக்கியம். மன்னிப்புக் கேட்காம செத்தா பிள்ளைங்க மனசுல என்ன பதியும், சொல்லுங்க?

எங்க தெருமுனையில ஒரு நூலகம். அங்கே நாலஞ்சு பிரதி குடுத்து வச்சேன். கொஞ்ச நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா, அட்டையும் கொசு வர்ற பக்கங்களும் கிழிஞ்சு நாராப் போயிருக்கு. படம் போட்ட பையன் கொசுவுக்குக் கிரீடமும் முறுக்கு மீசையும் வச்சிருந்தான், அந்தப் பக்கம் முழுக்கக் கைரேகை. ஆனா என் அறிவுரை வர்ற பக்கங்கள் இருக்கே, ஒரு மடிப்பு இல்லை, ஒரு அழுக்கு இல்லை, அச்சாபீஸ்லேருந்து வந்த மாதிரி அப்படியே இருக்கு. அவ்வளவு பத்திரமா வச்சிருக்காங்க பிள்ளைங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

அந்த நூலகத்து மாடியிலதான் நாடகக் குழு. நிஷான்னு ஒரு பொண்ணு, ரஹ்மத் நிஷா, கணக்கு டீச்சர், அதுதான் நடத்துது. அந்தா, கண்ணாடி போட்டுக்கிட்டு எல்லாரையும் அதட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. அங்கே வேஷம் கட்டுறவங்க யாரும் தொழில் நடிகருங்க இல்லை. மருந்துக்கடைக்காரர், காலேஜ் பொண்ணுங்க, பரோட்டா மாஸ்டர்கூட ஒருத்தர் உண்டு. பிள்ளைங்க அலமாரியிலேருந்து ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நாடகமாப் போடுவாங்க. எந்தப் புத்தகம்னு பிள்ளைங்களே கைதூக்கிச் சொல்லணும். இந்தத் தரம் எல்லாக் கையும் என் புத்தகத்துக்கு.

நிஷா வீட்டுக்கு வந்து கேட்டுச்சு. "சார், உங்க கதையைப் போடலாமா?"

"தாராளமா. ஒரு எழுத்து மாத்தக் கூடாது. சுத்தானந்தர் வேஷம் நான் போடுவேன். அந்தப் பாத்திரத்தோட ஆழம் வேற ஆளுக்கு வராது"ன்னேன்.

அந்தப் பொண்ணு காபியை ஒரு வாய் குடிச்சுச்சு. "சரி சார். ஒரு சந்தேகம். கடிக்கிறது பெண் கொசுதானே? நீங்க மகாராஜான்னு எழுதியிருக்கீங்களே?"

"அது விஞ்ஞானம்மா. இது இலக்கியம். மகாராணின்னா அந்தக் கம்பீரம் வராது."

"அப்ப ஆண் கொசு என்ன சார் பண்ணும்?"

"அது ஒண்ணும் பண்ணாது. ரீங்காரம் போட்டுக்கிட்டு, பூவுல தேனைக் குடிச்சுக்கிட்டுச் சும்மா சுத்தி வரும்"னேன்.

தையலு காபி டம்ளரை எடுக்க வந்தவ நிஷாவைப் பார்த்தா. நிஷா இவளைப் பார்த்துச்சு. ரெண்டு பேருக்கும் என்ன சிரிப்போ, எனக்குத் தெரியலை. பொம்பளைங்க சிரிப்புக்கெல்லாம் காரணம் கேட்டா முடியுமா?

ஒத்திகை ஆரம்பிச்சுது. கொசு மகாராஜா வேஷம் லைன்மேன் குலோத்துங்கனுக்கு. நல்ல உயரம், நல்ல குரல். ஆனா நடிப்பு கம்மி. நான்தான் ஒவ்வொரு அடியும் சொல்லிக் குடுத்தேன். எல்லாருக்குமே சொல்லிக் குடுத்தேன். நிஷாவுக்கும். அது என்னடான்னா என் அறிவுரைப் பேச்சைக் குறைக்கணும்னு நிக்குது. "சார், பிள்ளைங்க தூங்கிடுவாங்க"ங்குது. அதுக்காகத்தான் நான் வீட்டுலேருந்து ஒரு சிமெண்ட் தொட்டியைத் தூக்கிட்டு வரச்சொல்லி, நல்ல தண்ணி ரொப்பி, மாடியில திரைக்குப் பின்னாடி வச்சேன். தேங்கின தண்ணின்னா எப்படி இருக்கும்னு பிள்ளைங்க கண்ணால பார்க்கணும். கண்ணால பார்த்தா தூக்கம் வராது. என் யோசனை எப்படி?

நாடகத்துக்கு நாள் நெருங்குது. குலோத்துங்கன் காய்ச்சல்னு படுத்துட்டான். என்ன காய்ச்சல்னு பார்த்தா, டெங்கு!

சிரிக்காதீங்க தம்பி. கொசு வேஷம் போட்டவனைக் கொசு கடிச்சிடுச்சுன்னு ஊரே சிரிச்சுது. நானும் முதல்ல சிரிச்சேன். அப்புறம்தான் நிஷா அந்தத் தொட்டிக்குள்ள டார்ச் அடிச்சுப் பார்த்துச்சு. உள்ளே கொசுப்புழு நெளியுது. 'தண்ணி வச்சது யாரு?'ன்னு எல்லாரும் என் மூஞ்சியைப் பார்க்கிறாங்க. நியாயமா? வச்சது நான், சரி. மூட வேண்டியது யாரு? நான் சுத்தானந்தர். வசனத்தைப் பார்ப்பேனா, தொட்டி மூடியைப் பார்ப்பேனா? இப்படிப் பொறுப்பில்லாத ஜனங்களை வச்சுக்கிட்டுத்தான் நான் சர்வீஸ் முழுக்க மாரடிச்சேன்.

தொட்டியைக் கவிழ்த்து, காயப்போட்டு, தெருவுக்கே மருந்து அடிச்சாச்சு. இனிமே மாடியில நிஜத் தண்ணியே ஆகாதுன்னு நிஷா சொல்லிடுச்சு. நீலத் துணியை விரிச்சு, அதுக்கு அடியில காலேஜ் பொண்ணு ஒண்ணைப் படுக்கவச்சு, அதுதான் தேங்கின தண்ணின்னு முடிவாச்சு. குலோத்துங்கன் பிழைச்சுக்கிட்டான், ஆனா எந்திரிச்சு நடக்கவே தெம்பு இல்லை. கொசுவுக்கு எங்கே போறது? வசனம் அத்தனையும் புதுசா ஒரு ஆள் மனப்பாடம் பண்ண நாள் இல்லை.

நிஷா எங்க வீட்டுக் கூடத்துல தலையில கைவச்சு உட்கார்ந்திருக்கு. தையலு தேங்காய் துருவிக்கிட்டு இருந்தா. தலையை நிமிர்த்தலை. "எனக்குத் தெரியும்"னா.

"என்ன தெரியும்?"னேன்.

"வசனம். நீங்க படிச்சுக் காட்டினதுதானே. அட்டையிலேருந்து அட்டை வரைக்கும் தெரியும்."

"தெரிஞ்சா? நீ போய் மேடையில நிப்பியா? வீட்டுக்கு நாலு பேர் வந்தா அடுப்படியை விட்டு வெளியில வர மாட்டே."

நிஷா நடுவுல பாய்ஞ்சுது. "அத்தே, ஒரு வரி சொல்லுங்க!"

தையலு என்னைப் பார்த்தா. "இவரு இருக்கும்போது வராது"ன்னு சொல்லிட்டு, அந்தப் பொண்ணை அடுப்படிக்குள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்தினா. உள்ளே என்ன சொன்னாளோ, நிஷா சிரிச்ச சிரிப்புல தண்ணிக்குடம் உருண்டுது. வெளியில வந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டே, "சார், இனிமே மகாராஜா இல்லை. மகாராணி"ன்னுச்சு.

நானும் ஒத்துக்கிட்டேன். நாடகம் நின்னு போகக் கூடாதே. வீட்டுலேயே நடிப்பு சொல்லித் தரேன்னு கூப்பிட்டேன். "அங்கே வந்து பார்த்துக்குங்க"ன்னுட்டா. எங்க பழைய கொசுவலையை வெட்டி இறக்கை தைச்சா. கொசுவலையில கொசுவுக்கு இறக்கை! இதெல்லாம் இலக்கணத்துக்கே அடுக்காது. இளநீர் குடிக்கிற ஸ்ட்ராவை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகி மூக்கு.

ஒரத்தநாடு வந்துடுச்சு போலிருக்கே. அந்தா பாருங்க, வேர்க்கடலை வாங்கி எல்லாருக்கும் குடுக்கிறா. டிரைவருக்குக்கூடப் போகுது. எனக்குக் கடைசியில வரும். வந்தா உங்களுக்கும் தரேன்.

எங்கே விட்டேன்? ஆங், நாடகம்.

மாடி நிறைய ஜனம். பாயில பிள்ளைங்க, பின்னாடி நாற்காலியில பெரியவங்க. எங்க தெருப் பொம்பளைங்க ஒருத்தி பாக்கியில்லாம வந்துட்டாங்க. நான் திரைக்குப் பக்கத்துல காக்கி உடுப்போட, புகை மெஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். மெஷின் நிஜம், மருந்து மட்டும் இல்லை. முகத்துக்குப் போடுற பவுடரை ரொப்பியிருந்தோம்.

தையலு மேடைக்குப் போறா. நடுவுல அழுதுட்டான்னா? மயங்கி விழுந்துட்டான்னா? தூக்கிட்டு வரணுமேன்னு மெஷினைக் கழட்டவே போயிட்டேன்.

"யாரங்கே!"ன்னா.

தம்பி, யாரோ மைக்கைக் குடுத்துட்டாங்கன்னு நினைச்சேன். மைக்கே கிடையாது. அந்தக் குரல் எங்கே இருந்துச்சு? இத்தனை வருஷமா எங்க வீட்டுக்குள்ளதான் இருந்திருக்கு, பாருங்க. நான் கேட்டதே இல்லை.

அப்புறம் நடந்தா ஒரு நடை. ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு, நெஞ்சைத் தூக்கிக்கிட்டு, 'ம்க்கும்'னு தொண்டையைச் செருமிக்கிட்டு. "கவனிங்க, பிரஜைகளே! ரத்தம் ஏன் ஆறிப்போய் இருக்கு? சூடாத்தான் குடிப்பேன்னு சொன்னேனா இல்லையா? என் இறக்கைக்கு இஸ்திரி போட்டாச்சா? என் மூக்கை எங்கே வச்சீங்க? வச்ச இடத்துல ஒரு பொருள் இருக்குதா இந்த வீட்டுல? விளங்குதா?"

இதுல ஒரு வரிகூட நான் எழுதலை. ஆனா சிரிப்பு! எங்க தெருப் பொம்பளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் சாயுறாங்க. எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் திரைப்பக்கம் என்னையே எட்டிப் பார்க்குது. பார்க்கத்தானே செய்வாங்க, கதையாசிரியர்ங்கிற மரியாதை. நானும் லேசாத் தலையை ஆட்டினேன். அதுக்கு இன்னும் சிரிப்பு.

அவ யாரைப் பார்த்து அந்த நடையையும் பேச்சையும் பிடிச்சாங்கிறது எனக்கு உடனே தெரிஞ்சுபோச்சு. எனக்கு மேலதிகாரியா ஒருத்தர் இருந்தார். அச்சு அசலா அவரேதான். எந்நேரமும் அடுத்தவனுக்குப் புத்தி சொல்லிக்கிட்டே திரிவார். அவரைத் தையலு ஒரே ஒரு கல்யாணத்துல தூரத்துலேருந்து பார்த்திருக்கா. ஒரு தரம் பார்த்ததுக்கே இப்படிப் பிடிச்சிருக்கான்னா, அது பிறவி ஞானம். சொல்லித்தான் ஆகணும்.

அப்புறம் நான் வந்தேன். காக்கியைப் பார்த்ததும் கைதட்டு வரும்னு ஒரு நொடி நின்னேன். வரலை. சரின்னு பேச்சை ஆரம்பிச்சேன். "அன்பார்ந்த பொதுமக்களே! தேங்கிய நீரானது..." குறைக்காத பேச்சு. நிஷாகிட்டே குறைக்கிறேன்னுதான் சொல்லியிருந்தேன், ஆனா மேடையில ஏறினப்புறம் யார் தடுக்கிறது? கொஞ்ச நேரத்துல முன் வரிசையில ஒரு பிள்ளை கொட்டாவி விட்டுச்சு. அதைப் பார்த்து அடுத்தது. அப்படியே வரிசையாப் போகுது கொட்டாவி. அப்பதான் இவ என்ன பண்ணினா தெரியுமா? 'ஙொய்ய்ய்'னு என் காதுகிட்டே சுத்த ஆரம்பிச்சுட்டா. நான் சீரியஸா பேசிக்கிட்டே கையை வீசுறேன், அவ குனியுறா. இந்தப் பக்கம் அடிக்கிறேன், அந்தப் பக்கம் வர்றா. கடைசியில என் கன்னத்துல நானே பளார்னு அடிச்சுக்கிட்டேன். மாடி இடிஞ்சு விழுந்துடும் போல ஆயிடுச்சு சிரிப்பு. பேச்சோட ஓட்டத்தையே கெடுத்துட்டா.

ஆத்திரத்துல மெஷினை எடுத்தேன். கதைப்படி இப்ப கொசு சாகணும். பவுடர் குபுகுபுன்னு பறக்குது. கொசு இருமுது, தள்ளாடுது, விழுது. 'மன்னிச்சுடுங்க'ன்னு சொல்லணும். சொல்லலை. பிள்ளைங்க அத்தனையும் எந்திரிச்சு நின்னுடுச்சு. "எந்திரி! எந்திரி!"ங்குது. அவ ஒரு கண்ணைத் திறந்து பார்த்தா. எந்திரிச்சுட்டா! மறுபடியும் அடிச்சேன். விழுந்தா. மறுபடியும் எந்திரிச்சா. "செத்துத் தொலையேன்டி"ன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு மெதுவாச் சொன்னேன். அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டுடுச்சு.

அப்ப ஒரு வாண்டு, இத்தனூண்டு பொண்ணு, ரெட்டைச் சடை, மேடை மேல ஏறி ஓடிவந்து கொசுவைக் கட்டிப்பிடிச்சுக்கிச்சு. "அடிக்காதீங்க மாமா, பாவம்!"னு ஒரே அழுகை. நான் குனிஞ்சு, "பாப்பா, கொசுங்கிறது நோய்பரப்பும் ஜீவராசி"ன்னு எடுத்துச் சொன்னேன். கையைக் கடிச்சிடுச்சு தம்பி. இந்தா பாருங்க, இந்த இடத்துல. கொசுவை ஒழிச்ச கை இது. ஒரு கொசு கடிச்சதில்லை இதுவரைக்கும்.

மெஷினைக் கீழே போட்டுட்டேன். கொசு செத்தா இந்தப் பிள்ளைங்க என்னை என்ன பண்ணுவாங்களோன்னு எனக்கே பயம்.

தையலு அந்தக் குட்டியைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. இறக்கையால அதோட கண்ணைத் துடைச்சா. "ஏண்டி கண்ணு, என்னைக் காப்பாத்துறியே, நாளைக்கு நான் உன்னையும்தான் கடிப்பேன். என் குணம் அது. குலோத்துங்கன் மாமாவைக் கடிச்சேனே, பாவம், எந்திரிக்க முடியாமக் கிடக்காரு. அது மாதிரி நீயும் படுத்துட்டா எனக்கு யாரு கைதட்டுவாங்க?"ன்னா.

"அப்ப என்ன பண்றது?"ன்னு அந்தக் குட்டி கேட்டுச்சு.

"நான் முட்டை போட இடம் குடுக்காதே. வீட்டுக்குப் போனதும் தொட்டியை மூடு. கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துப் போடு. மூடி வச்சிட்டா எனக்கு இந்த ஊர்ல வேலையில்லை, நானே போயிடுறேன். யாரும் அடிக்கவும் வேணாம், யாரும் சாகவும் வேணாம். என்ன?"

"சரி"ன்னுச்சு. மாடி முழுக்க "சரி"ன்னுச்சு. இவ இறக்கையை விரிச்சுக்கிட்டு, ரீங்காரம் போட்டுக்கிட்டு, பிள்ளைங்க நடுவுல பறந்து, படியில இறங்கிப் போயிட்டா. அத்தனை பிள்ளைங்களும் பின்னாடியே ஓடுது. மேடையில நானும் நீலத் துணியும்தான் மிச்சம். துணிக்கு அடியிலேருந்து அந்தக் காலேஜ் பொண்ணு தலையை நீட்டி, "முடிஞ்சிடுச்சா சார்?"னு கேட்குது.

அடுத்த வாரம் எங்க பக்கம் ஒரு வீட்டுல தொட்டி திறந்து கிடக்கலை. பிள்ளைங்களே வீடு வீடாப் போய் மூடிடுச்சுங்க. பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, ஒண்ணு விடலை. என் பேச்சு அந்த அளவுக்கு உள்ளே இறங்கியிருக்கு! ஆனா நன்றி சொல்ல வந்தவங்க எல்லாம் அவகிட்டேதான் சொல்லிட்டுப் போறாங்க.

நாடகத்துக்கு மறுநாள் காலையில காபியைக் கையில வாங்கிக்கிட்டுக் கேட்டேன். "முடிவை ஏன் மாத்தினே?"

"நீங்க சர்வீஸ் முழுக்கப் புகை அடிச்சீங்களே, செத்துச்சா?"ன்னா.

அது வேற விஷயம். நான் பதில் சொல்றதுக்குள்ள அவளே சொன்னா, "மேடையில நிக்கும்போது எனக்குக் காலே நடுங்கலைங்க. வீட்டுக்கு யாராச்சும் வந்தாத்தான் நடுங்கும். அங்கே நடுங்கலை."

அப்படிச் சொல்லும்போது அவ மூஞ்சியைப் பார்த்தேன். "காபியில சர்க்கரை பத்தலை"ன்னேன். வேற என்ன சொல்ல?

அந்த நேரம் பார்த்து வாசல்ல பிள்ளைங்க. "கொசு அத்தே!"ன்னு கூப்பாடு. எனக்குச் சுருக்குனுச்சு. நேரா நிஷா வீட்டுக்குப் போனேன். "என் புத்தகத்தை இனிமே நாடகமாப் போடக் கூடாது"ன்னுட்டேன். தஞ்சாவூர்லேருந்து நாடகம் போட அப்பவே கூப்பிட்டிருந்தாங்க. அந்தப் பொண்ணு முகம் செத்துப்போச்சு. ஆனா சண்டை போடலை. "உங்க கதை சார். உங்க இஷ்டம்"னுச்சு. தையலுகிட்டேயும் சொன்னேன். அவளும் சண்டை போடலை. கொசுவலை இறக்கையை மடிச்சுப் பரண்ல போட்டுட்டா. பிள்ளைங்க வாசலுக்கு வந்தா, "அவருக்கு உடம்பு சரியில்லை, போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டா. எனக்கு உடம்புக்கு என்ன?

சரி, ஜெயிச்சாச்சுன்னு அடுத்த புத்தகத்தை எடுத்தேன். 'எலி மன்னனின் சதி.' சாயங்காலம் அவளை உட்காரவச்சுப் படிச்சேன். நல்ல இடம், எலி மன்னன் தர்பார் நடத்துற இடம். அவ முருங்கைக்கீரை உருவிக்கிட்டே 'உம்'முன்னா. நான் படிக்கிறேன். 'உம்.' இன்னொரு பக்கம். 'உம்.'

அந்த 'உம்' எனக்குப் பிடிக்கலை தம்பி. இத்தனை வருஷம் கேட்டதுதான், அதே 'உம்'தான். ஆனா அந்த 'யாரங்கே'யைக் கேட்டுட்டேனே. அதைக் கேட்ட காதுக்கு இது ஏறலை. "ஏன், ஏதாச்சும் சொல்லேன்"னேன். "என்னத்தைச் சொல்ல? நல்லா இருக்கு"ன்னா. மறுநாளும் அப்படியே. வீட்டுல நான் ஒருத்தன்தான் பேசிக்கிட்டு இருக்கேன். என் குரல் சுவத்துல பட்டு என்கிட்டேயே திரும்பி வருது. இதுக்கு முன்னாடி இப்படித் திரும்பி வந்ததில்லையான்னு கேட்டா, வந்திருக்கும். எனக்குக் கேட்டதில்லை.

ரெண்டு மூணு வாரம் பொறுத்தேன். முடியலை. முக்காலியைப் போட்டு ஏறி, பரண்லேருந்து இறக்கையை எடுத்துத் தூசி தட்டி, கூடத்துல மாட்டிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு நிஷா வீட்டுக்குக் கிளம்பினேன். "பொதுச் சுகாதாரத்தை முன்னிட்டு மறுபரிசீலனை பண்ணியிருக்கேன்"னேன். அது கதவைப் பிடிச்சுக்கிட்டே குதிச்சுது. கணக்கு டீச்சர், குதிக்குது!

"ஆனா சார், இந்தத் தரம் சுத்தானந்தர் வேஷத்தைக் குலோத்துங்கன் அண்ணனுக்குக் குடுக்கப்போறேன்"னுச்சு. "அவருக்கு உடம்பு தேறிடுச்சு. டெங்குல கிடந்தவர் வந்து தண்ணியை மூடுங்கன்னா பிள்ளைங்க கேட்பாங்க. பேச்சையும் நாலு வரியாக் குறைக்கப்போறேன்."

"சரி. எனக்கு?"

அது மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுது. "காலேஜ் பொண்ணுக்குப் பரீட்சை சார். தண்ணி வேஷம்தான் காலியா இருக்கு."

நான் யோசிச்சுப் பார்த்தேன். கதைக்கே அடிப்படை எது? தண்ணி. தண்ணி தேங்கலைன்னா கொசு ஏது, நாடகம் ஏது? அப்படிப் பார்த்தா அதுதான் முதன்மைப் பாத்திரம். ஒத்துக்கிட்டேன்.

லேசுன்னு நினைக்காதீங்க. தேங்கின தண்ணி அசையக் கூடாது. இருமக் கூடாது. ஒரு வசனம் கிடையாது. நாடகம் முழுக்க நீலத் துணிக்கு அடியில மல்லாந்து கிடக்கணும். எனக்குப் பேசாம இருக்கிறதுக்கு எவ்வளவு பயிற்சி வேணும்னு நிஷா தனியா உட்காரவச்சுச் சொல்லிக் குடுத்துச்சு. இப்ப எங்க ஊர்லேயே மூணு இடத்துல போட்டாச்சு. தேறிட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க.

ஒரே ஒரு தொல்லை. கொசு முட்டை போட வர்ற கட்டம் ஒண்ணு இருக்கு. தண்ணி மேல குனிஞ்சு சுத்திச் சுத்தி வரணும். அப்ப இவ என் காதுகிட்டே வந்து ஏதாச்சும் சொல்லிட்டுப் போறா. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒண்ணு. மேடையில பாதிப் பேருக்கு அது தெரியாது. முதல் ஆட்டத்துல 'மூச்சு விடுங்க, நீலம் பாரிச்சுடப் போறீங்க'ன்னா. அடுத்ததுல முன்வரிசையில உட்கார்ந்திருந்த கவுன்சிலரைப் பத்தி ஒண்ணு சொன்னா. போன ஞாயித்துக்கிழமை சொன்னது இருக்கே, அதை உங்ககிட்டே சொல்ல முடியாது தம்பி, நீங்க சின்ன வயசு. தண்ணி குலுங்கிடுச்சு. அடக்கப் பார்க்கிறேன், வயிறு கேட்க மாட்டேங்குது. துணி மேலயும் கீழயும் போகுது. பிள்ளைங்க பார்த்துட்டு, 'தண்ணி சிரிக்குது! தண்ணி சிரிக்குது!'ன்னு ஒரே கூச்சல். நிஷா அப்புறம் என்னைக் கிழிகிழின்னு கிழிச்சுது. அவளை ஒண்ணும் சொல்லலை பாருங்க, அவ மகாராணி.

இவ்வளவு வேடிக்கையாப் பேசுறவ இத்தனை காலம் என்கிட்டே ஏன் பேசலைன்னு கேட்டேன் ஒருநாள். "நீங்க அசையாமப் படுத்திருந்தாத்தானே சொல்ல முடியுது"ன்னா.

அந்தா, எந்திரிக்கிறாங்க. ஸ்டாண்டு வந்துடுச்சு. பேச்சு சுவாரசியத்துல கடலை வந்ததையே நாம கவனிக்கலை, பாருங்க மடியில கிடக்கு. நீங்க வச்சுக்குங்க. அஞ்சு மணிக்கு நாடகம், யாரும் வரலாம். நீங்களும் வாங்க தம்பி. எல்லாரும் கொசுவைத்தான் பார்ப்பாங்க, நீங்களும் பாருங்க, பார்க்க வேண்டிய கொசுதான். வந்துட்டேன் தையலு, கத்தாதே! நீ இறங்கு, மூட்டையை நான் எடுத்துட்டு வர்றேன்.